திரும்பி வராத ஐந்து பவுண்டு

மன்றச் செயலாளர் என்னிடம் கேட்டது வேறு. "இரசாயனம் படிப்பவர் நீர், உரத்தைப் பற்றியோ பிளாஸ்டிக்கைப் பற்றியோ நாலு பக்கம் எழுதிக் கொடும்" என்றார். ஒப்புக்கொண்டேன். ஆனால் எழுத உட்கார்ந்த வாரத்தில் நடந்த ஒன்று என்னை வேறு பக்கம் இழுத்துச் சென்றுவிட்டது. சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூட அதுவரை தொட்டறியாதவன் சட்டத்தைப் பற்றி எழுதுகிறானே என்று சட்டக் கல்லூரி நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைத்துவிட்டுப் படிக்கட்டும்.

நான் குடியிருப்பது காக்ஸ் டவுனில், வீலர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஒரு மாடியறையில். திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து படிக்க வந்த எனக்கு இந்தப் பேட்டை அயலூராகத் தோன்றியதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டோன்மெண்ட் எழுந்த நாள்தொட்டு, படையோடும் படையை நம்பிய தொழில்களோடும் வந்து குடியேறிய தமிழர் இங்கே ஏராளம். எங்கள் வீட்டுக்காரப் பாட்டியின் கணவரும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றுக் காலமானவரே.

ஈராண்டுக்கு முன், நான் குடிவந்த புதிதில், ஒரு மார்கழி விடியலில் பாட்டி வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு பறந்துவிட்டனர். இரண்டு பவுன். கணவர் ஓய்வு பெற்றபோது வாங்கிப் போட்டது. இருவரில் ஒருவன் பிடிபட்டான். வழக்கு நடந்தது. பாட்டிக்குத் துணையாக நான் போய்வந்தேன். சாட்சிக் கூண்டில் நின்று நடுங்காமல் ஆளைக் காட்டினார். சென்ற மாதம் தீர்ப்பு வந்தது; அவனுக்குச் சிறை. சங்கிலியோ என்றைக்கோ உருகிக் கைமாறிப் போயிருந்தது. ஆட்டோவில் திரும்பும் வழியில் பாட்டி கேட்டார்: "அவன் உள்ளே போயிட்டான், சரி. என் சங்கிலி எங்கப்பா?"

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. "கேஸ் முடிஞ்சு போச்சு பாட்டி" என்று மட்டும் சொன்னேன். அது விடையன்று என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதே கேள்வியை ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு தமிழ்ச் சிறுமி கேட்டிருக்கிறாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. தந்தை பஸ் ஓட்டுநர். அவருடைய ஒரு மாதச் சம்பளமான ஐந்து பவுண்டு திருடு போயிற்று. சிறுமி நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னாள். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. பணம் திரும்பி வரவில்லை. இதில் நீதி எங்கே என்று அன்று அவள் மனத்தில் விழுந்த கேள்வியே பின்னாளில் தம்மைச் சட்டத்தின் பக்கம் திருப்பியது என்று, உலகறிந்த நீதிபதியாக உயர்ந்த பிறகு அவ்வம்மையார் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பெயர் நவநீதம் பிள்ளை. போர்க்குற்றங்களுக்கு நீதி தேடும் துறையில் அவர் பெயரைத் தவிர்த்துவிட்டு எவரும் வரலாறு எழுத இயலாது. ஆயினும் நம் மாணவரிடையே அவரை அறிந்தோர் சிலரே. கிரிக்கெட் ஆட்டக்காரரின் பாட்டன் பெயரை அறிந்த நமக்கு இவரைத் தெரியவில்லையே என்று நான் முதலில் வெட்கப்பட்டேன். பிறகு எழுத உட்கார்ந்தேன்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர் 342 பேர். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்ற முதற் கூட்டம் அது. அதனைத் தொடர்ந்து அரை நூற்றாண்டுக் காலம் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. அவ்வாறு சென்ற கூலிகளின் வழியில், டர்பனில் கிளேர்வுட் என்ற ஏழைப் பேட்டையில் 1941 செப்டம்பர் 23ஆம் நாள் பிறந்தவர் நவநீதம். மேற்படிப்புக்கு வீட்டில் வசதியில்லை. அப்பேட்டை இந்தியர் தங்களால் இயன்றதைத் திரட்டிக் கொடுத்தே அவரைப் படிக்க வைத்தனர். நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1963இல் பி.ஏ., 1965இல் சட்டப் பட்டம். நிறவெறி ஆட்சி வேரூன்றியிருந்த காலம். வெள்ளையருக்கு ஒரு வகுப்பு, மற்றவருக்கு வேறு வகுப்பு.

பட்டம் பெற்றபின் வேலை? எந்த வக்கீல் அலுவலகமும் அவரை ஏற்கவில்லை. வெள்ளைக்காரக் குமாஸ்தா ஒருவர் நிறத்தில் தாழ்ந்தவர் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணிடம் உத்தரவு வாங்குவதா என்பதே அவர்கள் சொன்ன காரணம். 1967இல் அம்மையார் தாமே அலுவலகம் திறந்தார். நேட்டால் மாகாணத்தில் வெள்ளையரல்லாத பெண்ணொருத்தி தனியே வக்கீல் தொழில் தொடங்கியது அதுவே முதன்முறை. 1971இல் அவர் கணவர் கேபி பிள்ளையைப் பயங்கரவாதச் சட்டத்தின்கீழ்ப் பிடித்துச் சென்றனர். விசாரணையின்றி எத்தனை நாளும் அடைத்துவைக்க இடங்கொடுத்த சட்டம் அது. போலீஸ் அவரைச் சித்திரவதை செய்யக் கூடாது என்று தடையுத்தரவு கேட்டு மனைவியே நீதிமன்றம் ஏறினார். 1973இல் ராபன் தீவுச் சிறையிலிருந்த அரசியல் கைதிகள் வக்கீலைப் பார்க்கும் உரிமையை வழக்காடி வாங்கித் தந்தார். அக்கைதிகளுள் நெல்சன் மண்டேலாவும் ஒருவர். நிறவெறி வீழ்ந்தபின், 1995இல், அம்மண்டேலாவின் ஆட்சியிலேயே உயர் நீதிமன்ற நீதிபதியானார். வக்கீலாக இருந்த இருபத்தெட்டு ஆண்டுகளும் நீதிபதியின் தனியறைக்குள் காலெடுத்து வைக்க வெள்ளையரல்லாதாருக்கு உரிமையில்லை. ஆகவே அவர் வாழ்நாளில் நுழைந்த முதல் நீதிபதி அறை அவருடைய அறையே!

நிற்க. போர்க்குற்றம் என்றால் என்ன, அதை விசாரிக்க எவருக்கு அதிகாரம் என்பதைச் சற்றே விளக்காமல் மேலே போக இயலாது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, படை செய்த கொடுமைக்கு நாடே பொறுப்பு, தனி மனிதன் அல்லன் என்ற எண்ணமே ஓங்கியிருந்தது. 'மேலிடத்து உத்தரவு' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் எவரும் ஒளிந்துகொள்ளலாம். 1945இல் தொடங்கிய நூரம்பர்க் விசாரணை அந்தத் திரையைக் கிழித்தது. அங்கே நடந்த பல வழக்குகளுள் ஒன்றில் தலைமை அரசு வழக்கறிஞராக நின்றவர் பெஞ்சமின் பெரன்ஸ். கைக்குழந்தையாக அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஓர் ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை. அப்போது வயது 27. நம்மில் பலரைவிட நாலைந்து வயதே மூத்தவர்! கிழக்கு ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சென்று யூதரையும் பிறரையும் சுட்டுக் குவித்த நாஜிக் கொலைப்படைகளின் அன்றாட அறிக்கைகள் பெர்லினில் அவர் குழுவின் கையில் சிக்கின. கொன்றவர்களே எழுதிவைத்த கணக்கு அது. பெரன்ஸ் கூட்டிப் பார்த்தார். பத்து இலட்சத்தைத் தாண்டிற்று. விசாரிக்கப்பட்ட 22 பேரும் 1948இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

இத்துடன் அவர் ஊர் திரும்பியிருந்தால் அவரைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. அவர் ஜெர்மனியிலேயே தங்கினார். பறிக்கப்பட்ட வீடுகளையும் கடைகளையும் நிலங்களையும் மீட்கும் வேலையில் இறங்கினார். உரியவர் குடும்பத்தோடு அழிந்து, கேட்க வாரிசே இல்லாத சொத்துகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவை கொன்றவன் கையிலேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காக, மாண்டவர் சார்பில் வழக்கிட ஓர் அமைப்பை நடத்தினார். 1952 செப்டம்பர் 10ஆம் நாள் லக்சம்பர்க்கில் ஒப்பந்தமாயிற்று: மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க்கும், யூதர்களின் ஈட்டுக் கோரிக்கை அமைப்புக்கு 45 கோடி மார்க்கும் தர இசைந்தது. இந்தப் பணத்தை வாங்குவதே இழிவு, இரத்தத்திற்கு விலையா என்று யூதரிலேயே பெருங்கூட்டம் எதிர்த்துப் போராடியது. அந்தக் கோபத்தையும் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் முகாமிலிருந்து எலும்பும் தோலுமாய் வெளிவந்தவன் அடுத்த வேளைச் சோற்றுக்கு எங்கே போவான்?

நூரம்பர்க்கைக் கவனித்தால் ஒன்று புலப்படும். தண்டனை ஒரு கட்டடத்தில். ஈடு வேறொரு கட்டடத்தில். குற்றவாளியை விசாரித்த நீதிமன்றத்திற்கு, அழிந்தவனுக்கு ஒரு காசு கொடுக்கும் அதிகாரமும் இல்லை. சமன்பாட்டில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுத் தாளை மூடினால் எங்கள் பேராசிரியர் சுழியம் போடுவார். உலகம் அவ்வாறு எழுதிய தாளையே அரை நூற்றாண்டுக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தது.

நம் இலக்கியத்திலும் இச்சிக்கல் உண்டு. கண்ணகி சிலம்பை உடைத்து வழக்கை வென்றாள். பாண்டியன் அரியணையிலேயே உயிர் விட்டான். மதுரை எரிந்தது. பின் வந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகவும் சிலப்பதிகாரம் சொல்கிறது. தவறு செய்தவன் ஒரு பொற்கொல்லன், மாண்டவர் ஆயிரவர். இவ்வளவுக்குப் பின்னும் அந்தப் பெண்ணின் இல்லறம் திரும்பவில்லை. ஒருவன் குற்றத்தை அவன் இனத்தின்மேல் ஏற்றாமல் அவன் தலையிலேயே சுமத்துவது ஒன்று. இழந்தவளைத் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே மன்றம் செய்ய வேண்டும் என்று கேட்பது எவ்வளவு அரிய செயல் என்பதை இக்கதையோடு வைத்துப் பார்த்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

இனி ருவாண்டா.

நடு ஆப்பிரிக்காவில் உள்ள அச்சிறு நாட்டில் 1994 ஏப்ரல் தொடங்கி ஏறத்தாழ நூறு நாளில் எட்டு இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் டுட்சி இனத்தார். கொலையை எதிர்த்த ஹூட்டுகளும் மாண்டனர். அண்டை வீட்டான் அண்டை வீட்டானை வெட்டினான். அவ்வாண்டு நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒரு தனி நீதிமன்றத்தை ஏற்படுத்தித் தான்சானியா நாட்டின் அருஷா நகரில் அமர்த்தியது. நவநீதம் பிள்ளை அதற்கு நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொடக்க ஆண்டுகளில் அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி அவரே.

முதல் பெரும் வழக்கு டபா என்னும் வட்டாரத்தின் தலைவனாக இருந்த ழான்-பால் அகாயெசு மீது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் ஊராட்சித் தலைவன். குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, இனப்படுகொலை இருந்தது. பெண்களுக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. புலனாய்வாளர் கேட்கவில்லை, கேட்காததால் எவரும் சொல்லவில்லை, சொல்லாததால் நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. எத்தனை எளிய வழி பாருங்கள், ஒரு குற்றத்தை இல்லாமல் ஆக்குவதற்கு!

1997 தொடக்கத்தில் ஒரு பெண் கூண்டில் ஏறினாள். பாதுகாப்புக் கருதிப் பெயர் மறைக்கப்பட்டது; ஏட்டில் அவள் 'ஜே' என்ற எழுத்து மட்டுமே. வேறொன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், இடையே, தன் ஆறு வயது மகளை மூன்று பேர் கெடுத்தனர் என்றாள். அரசு வழக்கறிஞர் அதைக் கேட்க எண்ணி அழைத்த சாட்சி அல்லள் அவள். நீதிபதிகள் விடவில்லை. பிள்ளை அம்மையாரும் மற்ற இருவரும் கேள்வி கேட்டனர். மார்ச் மாதத்தில் 'எச்' என்ற மற்றொரு பெண், ஊராட்சி அலுவலக வளாகத்திலேயே நடந்ததைச் சொன்னாள். ஜூன் மாதத்தில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. மேலும் பெண்கள் வந்தனர், 'ஜேஜே' என்றும் 'ஓஓ' என்றும் எழுத்துகளாக. ஊரார் அடைக்கலம் தேடி ஓடிவந்த அலுவலகத்தில், தலைவன் பார்த்து நிற்கவே, தூண்டவே, அக்கொடுமைகள் நடந்தன என்பது நிலைநாட்டப்பட்டது.

1998 செப்டம்பர் 2ஆம் நாள் தீர்ப்பு. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று விசாரணை நடத்தி ஒருவனை இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்த்தது உலக வரலாற்றில் அதுவே முதல் தடவை. அதைவிட முக்கியமானது மற்றொன்று. ஓர் இனத்தை அழிக்கும் நோக்குடன் அதன் பெண்களைக் கெடுப்பதும் இனப்படுகொலையே என்று அத்தீர்ப்பு சொன்னது. அதுவரை இது போரோடு வரும் கொள்ளை போல, வென்றவன் எடுத்துக்கொள்ளும் உடைமை போலப் பேசப்பட்டுவந்தது. அந்தப் பேச்சு அன்று அறுந்தது. அடுத்த மாதம் அகாயெசுவுக்கு ஆயுள் சிறை விதிக்கப்பட்டது.

1999 முதல் 2003 வரை அந்நீதிமன்றத்தின் தலைவராகவும் அம்மையார் இருந்தார். வானொலியிலும் பத்திரிகையிலும் நஞ்சைக் கக்கிக் கொலைக்குக் கூட்டம் சேர்த்தவர்களை 2003 டிசம்பரில் தண்டித்ததும் அவர் தலைமையில் அமர்ந்த மன்றமே. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பின் சில பகுதிகள் தளர்ந்தன. ஆனால் பேனா பிடித்தவனும் ஒலிவாங்கி பிடித்தவனும் தப்ப முடியாது என்பது நின்றது. மலரில் எழுதும் நாமும் இதை நினைவில் வைக்கலாம்.

எல்லாம் சரி. 'ஜே' என்ற அந்தத் தாய்க்கு என்ன கிடைத்தது?

சட்டப்படி ஒன்றும் இல்லை. ருவாண்டா நீதிமன்றத்தின் விதிகளில் 106ஆம் விதி ஒன்று உண்டு. தீர்ப்பின் நகல் அந்தப் பெண்ணின் நாட்டுக்கு அனுப்பப்படும். ஈடு வேண்டுமானால் அதைக் கொண்டு தன் நாட்டு நீதிமன்றத்திலேயே அவள் வழக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த நாட்டு நீதிமன்றத்தில்? நூறு நாளில் நீதிபதிகளும் வக்கீல்களும் கொல்லப்பட்டுக் கட்டடம் மட்டும் எஞ்சியிருந்த நாட்டில்! வழக்குப் போட்டால் கொடுப்பவர் யார்? பையில் காசில்லாமல் ஆயுள் சிறையில் இருப்பவன். இன்னொரு கொடுமையும் நடந்தது. அருஷா சிறையிலிருந்த குற்றவாளிகளுக்கு எய்ட்ஸ் நோய்க்கு உரிய நல்ல மருந்து ஐ.நா. செலவில் கிடைத்தது. அவர்களைப் போன்றோரால் அந்நோய் தொற்றி ஊரில் கிடந்த பெண்களுக்கு நெடுநாள் அம்மருந்து எட்டவில்லை. கைதிக்கு மருந்து கொடுத்தது தவறன்று. மறுபக்கம் எவரும் பார்க்காததே தவறு.

டர்பனில் ஐந்து பவுண்டு இழந்த சிறுமி இதைக் காணாமல் இருந்திருக்க முடியுமா? 2000ஆம் ஆண்டு நவம்பரில், நீதிமன்றத் தலைவர் என்ற முறையில், பாதிக்கப்பட்டோருக்கு ஈடு கிடைத்தே ஆக வேண்டும் என்ற நீதிபதிகளின் கருத்தை அவர் ஐ.நா. பொதுச்செயலாளருக்கு எழுதி அனுப்பினார். அக்கடிதத்தில் உண்மையும் இருந்தது: எட்டு இலட்சம் உயிர்களுக்கான ஈட்டை இந்த ஒரு நீதிமன்றம் கணக்கிட உட்கார்ந்தால் விசாரணையே நின்றுவிடும், அதற்கென்று வேறொரு நிதியோ அமைப்போ வேண்டும் என்றார்கள். அப்படி ஒன்று அந்நீதிமன்றத்திற்கு அமையவேயில்லை. 2015 இறுதியில் நீதிமன்றம் தன் பணியை முடித்துக் கதவை மூடியது.

ஆனால் கேள்வி மூடப்படவில்லை. அகாயெசு தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன், 1998 ஜூலை 17இல், ரோம் நகரில் கூடிய நாடுகள் நிலையான ஒரு பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திற்குச் சட்டம் வகுத்தன. 2002 ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 75ஆம் பிரிவு, குற்றவாளியைத் தண்டித்த அதே நீதிமன்றமே பாதிக்கப்பட்டவருக்கு ஈடும் ஆணையிடலாம் என்கிறது. குற்றவாளி ஓட்டாண்டியாக இருந்தால்? அதற்கு 79ஆம் பிரிவு: பாதிக்கப்பட்டோர் அறநிதி. நாடுகளும் தனியாரும் மனமுவந்து கொடுப்பதே அதன் பெரும் வருவாய். நூரம்பர்க்கில் இரண்டாகப் பிரிந்து கிடந்த கட்டடங்கள் முதன்முதலாக ஒரே கூரையின்கீழ் வந்தன. நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள அந்நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளுள் ஒருவராக, மேல்முறையீட்டுப் பிரிவில், நவநீதம் பிள்ளை 2003 முதல் 2008 வரை அமர்ந்திருந்தார்.

அங்கு முதலில் நடந்தது காங்கோவின் தாமஸ் லுபாங்கா மீதான வழக்கு. சிறுவரைப் படையில் சேர்த்த குற்றம். 2011 ஆகஸ்டில் அரசுத் தரப்பின் நிறைவுரையில் பேச ஒரு முதியவர் எழுந்தார். வயது 91. நூரம்பர்க்கில் 27 வயதில் நின்ற அதே பெஞ்சமின் பெரன்ஸ்! அவர் 2023இல், 103 வயதில் காலமானார். லுபாங்காவுக்கு 14 ஆண்டுச் சிறை என்று 2012இல் முடிவாயிற்று. ஈட்டுத் தொகை ஒரு கோடி டாலர் என்று கணக்கிட 2017 டிசம்பர் ஆயிற்று. அந்தச் சிறுவர் அதற்குள் பெரியவர்களாகிவிட்டனர்.

ஜெர்மேன் கடங்கா என்ற மற்றொருவன் வழக்கு எனக்கு இன்னும் வியப்பளித்தது. 2003 பிப்ரவரியில் போகோரோ என்ற சிற்றூர் தாக்கப்பட்டது. ஈடு கேட்டவர் 341 பேர். நீதிபதிகள் ஒவ்வொரு மனுவையும் தனித்தனியே எடுத்து, இந்த வீடு இவ்வளவு, இந்த மாடு இவ்வளவு, இந்த விளைச்சல் இவ்வளவு என்று நம்மூர்க் கணக்கப்பிள்ளை போலக் கணக்கிட்டனர். உயிரிழப்பின் துயரத்திற்கும் ஓர் எண் போட வேண்டியிருந்தது. 297 பேரின் இழப்பு மெய்யென ஏற்கப்பட்டது. மொத்தம் 37,52,620 டாலர். கடங்காவின் பொறுப்பு அதில் பத்து இலட்சம் டாலர் என்றனர். அவனிடமோ ஒன்றும் இல்லை. ஆகவே அறநிதியிலிருந்து ஆளுக்கு 250 டாலர் அடையாளத் தொகையும், வீடு, கல்வி, தொழில், மனநலம் ஆகியவற்றுக்குப் பொது உதவியும் என்று 2017 மார்ச்சில் ஆணையாயிற்று. 2024 பிப்ரவரியில் உகாண்டாவின் டொமினிக் ஓங்வென் வழக்கில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேருக்கு ஐந்து கோடி யூரோவுக்கு மேல் ஆணை பிறந்திருக்கிறது. அறநிதியில் அவ்வளவு பணம் இல்லை. ஆணை இருக்கிறது, உண்டியல் காலி.

இவ்வளவும் அந்நீதிமன்றத்தை ஏற்ற நாடுகளுக்கே. இந்தியா அதில் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. இதைப் படிக்கும் பலருடைய மனம் இந்நேரம் முள்ளிவாய்க்காலுக்குப் போயிருக்கும். என் மனமும் போயிற்று. 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தவர் நவநீதம் பிள்ளையே. 2013 ஆகஸ்டு இறுதியில் அவர் இலங்கை சென்று ஒரு வாரம் தங்கினார். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வடக்கே போய், காணாமற்போனோரின் தாய்மாரைச் சந்தித்தார். அவர் தமிழச்சி, ஆகவே புலிகளின் கருவி என்று அங்கே சில அமைச்சர்கள் தூற்றினர். அம்மையார் கொழும்பிலேயே விடை சொன்னார்: தாம் தென்னாப்பிரிக்கர், அதில் பெருமை கொள்பவர், புலிகள் அமைப்பு கொலைகள் பல புரிந்த அமைப்பு, தாம் அதற்கு முன் ஒரே ஒரு முறை இலங்கை வந்தது, அவ்வமைப்பின் தற்கொலைக் குண்டுக்கு 1999இல் பலியான நீலன் திருச்செல்வத்தின் நினைவு நிகழ்ச்சிக்கே என்று. அதே மூச்சில், அரசு படையினர்மீதான குற்றச்சாட்டுகளுக்கு நம்பத்தக்க விசாரணை வேண்டும் என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நம்மவரில் சிலருக்கு முதற்பாதி கசந்தது. அங்கே ஆட்சியிலிருந்தவர்களுக்குப் பிற்பாதி கசந்தது. நீதிபதியின் தராசு எவருக்கும் இனித்ததாக நான் கேட்டதில்லை.

2014 மார்ச்சில் மனித உரிமைக் குழு, ஆணையர் அலுவலகமே விசாரணை நடத்த வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இலங்கை பற்றிய தீர்மானங்களை ஆதரித்த இந்தியா இம்முறை நடுநிலை என்று விலகி நின்றது. விசாரணை அறிக்கை 2015 செப்டம்பரில் வெளிவந்தது. இலங்கையில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கு 2016இலும், ஈடு வழங்கும் அலுவலகத்துக்கு 2018இலும் சட்டங்கள் பிறந்தன. அலுவலகங்கள் பிறந்தன என்பது உண்மை. ஆனால் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் பந்தலிட்டு அமர்ந்த தாய்மார் கேட்டது பணமன்று. பிள்ளை எங்கே என்பதே. அவர்களில் பலர் விடை கேளாமலே கண்ணை மூடிவிட்டனர்.

அம்மையார் ஓய்ந்துவிடவில்லை. 78 வயதில், மியான்மரின் ரோஹிங்கியா மக்களுக்காகக் காம்பியா நாடு உலக நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் காம்பியா நியமித்த நீதிபதியாக 2019இல் அமர்ந்தார். 2021இல் பாலஸ்தீனம்-இஸ்ரேல் பற்றிய ஐ.நா. விசாரணைக் குழுவின் தலைமையை ஏற்றார். காஸாவில் நடப்பது இனப்படுகொலை என்று அக்குழு 2025 செப்டம்பரில் சொன்னது. இஸ்ரேல் அதை முற்றாக மறுத்தது. முன்பு அவரைப் புலியென்றவர்கள் போலவே இப்போதும் பட்டப்பெயர் சூட்டுவோர் இருக்கிறார்கள்.

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு கீழே போய்ப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். ரோம் சட்டமும் 75ஆம் பிரிவும் வந்தபோது அவர் கண் அயர்ந்தார். போகோரோ ஊருக்கு வந்ததும் விழித்துக்கொண்டார்.

"இருநூத்தம்பது டாலர்னா நம்ம காசுக்கு எவ்வளவுப்பா?"

"இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே பாட்டி."

"இன்னைக்கு விக்கிற வெலைக்கு ரெண்டு கிராம் வராதே."

"வராது."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். கழுத்தில் இப்போது கிடக்கும் கருகமணியை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டார்: "அத்தனை பேரையும் தனித்தனியா விசாரிச்சா குடுத்தாங்க? உன் வீடு எவ்வளவு, உன் மாடு எவ்வளவுன்னு?"

"ஆமாம் பாட்டி. முந்நூத்தி நாப்பத்தோரு பேரு மனுவையும் படிச்சிருக்காங்க."

"என்னை அப்படி யாரும் கேக்கல" என்றார்.